76 பதார்த்தம், ஒரே கத்தி

2006 மார்ச் மாதத்தில் ஜப்பானியக் கடைகளுக்கு இரண்டு பொருள்கள் வந்தன. மாதத் தொடக்கத்தில் நின்டெண்டோ டிஎஸ் லைட் என்ற கையடக்க கேம் கருவி. 23ஆம் தேதி, அதில் செருகி விளையாட ‘குக்கிங் மமா’ என்ற சமையல் கேம். கருவி நடுவில் மடங்கும். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த்திரை தொட்டால் உணரும். அதைத் தொடுவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் குச்சி பக்கவாட்டில் செருகியிருக்கும். ஊதினால் கேட்டுக்கொள்ள மைக்கும் உண்டு.

இன்றைக்கு மூன்று வயதுக் குழந்தை திரையைத் தேய்க்காமல் ஒரு வாய் சோறு உண்பதில்லை. அதனால் அந்தக் குச்சி அன்று தந்த பரவசத்தை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். ஐபோன் வர இன்னும் ஓராண்டு இருந்தது. கேம் என்றால் பட்டன். பட்டன் என்றால் சுடு, தாவு, ஓடு. 1982இல் டேட்டா ஈஸ்ட் நிறுவனம் ‘பர்கர்டைம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரில்தான் சாப்பாடு. அதில் வரும் சமையல்காரர் செய்த வேலை, ராட்சத ரொட்டி மேலும் இறைச்சி மேலும் நடந்து அவற்றைத் தட்டுக்குக் கீழிறக்குவதும், துரத்தி வரும் முட்டையிடமும் சாசேஜிடமும் சிக்காமல் ஓடுவதும்தான். அடுப்பு எங்கும் எரியவில்லை.

குக்கிங் மமாவில் எரிந்தது. வெங்காயத்தின் மேல் குச்சியை இழுத்தால் கத்தி இறங்கும், சடசடவென்று சத்தம் வரும், துண்டுகள் விழும். கேரட்டின் தோலைச் சீவ நீளவாக்கில் இழுக்க வேண்டும். மாவு பிசைய வட்டமாகத் தேய்க்க வேண்டும். கொதிப்பது சூடாக இருக்கிறதென்றால் மைக்கில் ஊத வேண்டும்; பேருந்தில் உட்கார்ந்து கேம் கருவியை நோக்கி ஊதுகிறவரைப் பக்கத்து இருக்கைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கிரியேட் என்ற ஜப்பானிய நிறுவனம் இதை உருவாக்கியது. ஜப்பானில் வெளியிட்டது டைட்டோ, 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கொடுத்த அதே டைட்டோ. அந்த ஆண்டு செப்டம்பரில் மஜெஸ்கோ நிறுவனம் மூலம் அமெரிக்காவுக்கும் போனது.

மேல்திரையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்மணி நிற்பார். அவர்தான் மமா. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஜப்பானிய உச்சரிப்பிலான ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொல்வார். நன்றாகச் செய்தால் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாய் என்று மெச்சுவார். சொதப்பினால் கண்ணில் நெருப்பு பற்றி எரியும். அந்த நெருப்பைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று சொதப்பிய பிள்ளைகள் ஏராளம். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண், கூடவே வெண்கலமோ வெள்ளியோ தங்கமோ ஒரு பதக்கம்.

76 பதார்த்தங்கள். பாக்கெட் நூடுல்ஸ், முட்டை பொரிப்பது தொடங்கி மிசோ சூப், கியோசா என்ற ஜப்பானியக் கொழுக்கட்டை என்று போகும். எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு வருஷத்துக்குத் தாங்கும் போலிருக்கும்.

தாங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அந்தக் கருவி சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் உறவினரின் பெட்டியில் வந்திருந்தது. என் அக்கா மகளுக்கு அப்போது எட்டு வயது. விடுமுறைக்கு வந்தவள் முதல் நாள் முழுக்கக் கீழே வைக்கவில்லை. முட்டை ஓட்டைத் தட்டி, விரிசல் விழுந்ததும் இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். நிஜ முட்டையை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை அல்லவா. சில நாள் கழித்து, கியோசாவுக்கு முட்டைக்கோஸ் பொடியாக நறுக்கும் இடத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினாள். “சித்தி, இதுவும் வெட்டுறதுதான். நீங்க வெட்டிக் குடுங்க. மடிக்கிற எடம் வந்ததும் நான் செய்யறேன்.”

எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. அவள் என்னை எடுபிடியாக்கிவிட்டுக் கியோசா மடிக்கும் இடத்துக்குக் காத்திருந்தாள். ஏனென்றால் மடிப்பது அந்தப் பதார்த்தத்துக்கே உரிய வேலை. ஓரத்தைப் பிடித்து மடிப்பு மடிப்பாக அழுத்த வேண்டும். வெட்டுவது எல்லாப் பதார்த்தத்துக்கும் பொது. வெங்காயம் என்றாலும் வெட்டு, கணவாய் என்றாலும் வெட்டு. படம் மாறும், சத்தம் கொஞ்சம் மாறும், குச்சியின் பாதை மாறாது. அடுப்படி வேலையும் அப்படியே: திரையில் குறிப்பு வரும், தீயைக் குறை, சாஸை ஊற்று, கிண்டு, தீயைக் கூட்டு. வரிசை மட்டும்தான் மாறும். 76 பதார்த்தங்களைப் பிரித்துப் போட்டால் மிஞ்சுவது ஒரு கைப்பிடி அசைவுகள்.

இதற்குத் தொழில் காரணம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து டிஎஸ் கேம்களில் பாதி, சின்னஞ்சிறு விளையாட்டுகளைக் கோத்த சரங்கள்தான். ‘வாரியோவேர்’ ஐந்து வினாடிக்கு ஒன்று என்று தள்ளிக்கொண்டே இருந்தது. மூளைக்குப் பயிற்சி என்று 2005இல் வந்த ‘பிரெயின் ஏஜ்’ கணக்கையும் வாசிப்பையும் துண்டு துண்டாகக் கொடுத்தது. கேமே ஆடாத அப்பா அம்மா, தாத்தா பாட்டி கையில் கருவியைக் கொடுக்க வேண்டும் என்பது நின்டெண்டோவின் அன்றைய வியாபாரத் திட்டம். அது பலித்தும்விட்டது, டிஎஸ் குடும்பக் கருவிகள் மொத்தம் 15 கோடிக்கு மேல் விற்றன. சின்ன விளையாட்டில் ஒரு புதிய அசைவை உருவாக்குவது நிரலாளருக்கு வேலை. இருக்கும் அசைவின் மேல் வேறொரு காயின் படத்தைப் போர்த்துவது சுலபம். அட்டைப்பெட்டியில் ‘ஆறு அசைவுகள்’ என்று போட்டால் யார் வாங்குவார்? பதார்த்தக் கணக்குத்தான் விற்கும்.

ஆனால் திரும்பத் திரும்ப வருவது மட்டுமே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். சமையலறையில் திரும்ப வராதது எது? தினமும் வெங்காயம், தினமும் தாளிப்பு, தினமும் பாத்திரம். வருஷக் கணக்காக ஒரே தோசையை ஊற்றுகிறவளுக்குக்கூட ஒவ்வொரு காலையும் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கும்: மாவு நேற்று மழையில் சரியாகப் புளித்ததா, கல் காய்ந்ததா, இந்தத் தடவை உளுந்து கொஞ்சம் பழசோ? நேற்று அரைத்தது இன்றைக்கு வந்து நிற்கும். குக்கிங் மமாவில் எதுவும் எங்கும் வந்து நிற்காது. நீங்கள் வெங்காயத்தைக் கன்னாபின்னாவென்று வெட்டினால் மமாவின் கண் எரியும். உடனே கவலைப்படாதே, அம்மா சரிசெய்துவிடுகிறேன் என்பார். அடுத்த கட்டத்தில் வாணலிக்கு வருவது அழகாக நறுக்கிய வெங்காயம். உங்கள் வெங்காயம் எங்கே போனது? யாருக்கும் தெரியாது. மதிப்பெண்ணில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டமும் அப்போதுதான் பிறந்ததுபோல் தொடங்கும். அதனால்தான் மறுபடி செய்யும்போது மறுபடி செய்வதாக மட்டுமே இருக்கிறது. கை தேறுவதாக இல்லை.

அதைவிடப் பெரிய குறை, யாரும் சாப்பிடுவதில்லை. பதார்த்தம் தட்டில் அழகாக வரும், மின்னும், பதக்கம் விழும், மறையும். சொப்புச் சாமான் வைத்து மண் சோறு ஆக்கும் குழந்தைகூட அடுத்த நிமிஷம் அதைப் பக்கத்தில் இருப்பவர் வாய்க்குக் கொண்டுபோகிறது. நீங்கள் தின்பதுபோல் பாவனை செய்யாவிட்டால் அழுகிறது. ஆட்டத்தின் உயிரே அந்தக் கடைசி வாய்தான். மமாவின் சமையலறையில் நீதிபதி உண்டு, பந்தி கிடையாது.

இதை ஆபீஸ் கிரியேட்காரர்களும் உணர்ந்திருக்க வேண்டும். 2007 கடைசியில் வந்த இரண்டாம் பாகத்தில் நண்பர்கள் சாப்பிட வந்தார்கள், ருசித்துக் கருத்தும் சொன்னார்கள். 2009இல் வந்த மூன்றாம் பாகத்தில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. நல்ல திசைதான். ஆனால் சாப்பிட வந்தவர்களும் மமாவைப்போல இன்னொரு மதிப்பெண் தாளாகவே இருந்தார்கள். வெட்டுவது வெட்டுவதாகவே இருந்தது. சரக்கை ஆழப்படுத்துவதற்குப் பதிலாகக் கடையை அகலப்படுத்தினார்கள். தோட்ட வேலைக்கு ‘கார்டனிங் மமா’, கைவேலைக்கு ‘கிராஃப்டிங் மமா’, பிள்ளை வளர்க்க ‘பேபிசிட்டிங் மமா’, கூடாரம் அடிக்க ‘கேம்பிங் மமா’. பேபிசிட்டிங் மமாவோடு ஒரு துணிப் பொம்மையே தந்தார்கள்; வீ கருவியின் ரிமோட்டை அதன் உள்ளே செருகித் தாலாட்ட வேண்டும். சிரிப்பாக இருந்தாலும் அந்தப் பொம்மைக்காக அவர்களை மன்னிக்கலாம். அதில் குறைந்தபட்சம் ஒரு புதிய கையசைவு இருந்தது.

இடையில் ஒரு வேடிக்கை. 2008இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா, மமாவை வான்கோழி இறகு பிய்க்கும் கொலைகாரியாக்கி ஒரு பகடி கேமை இணையத்தில் விட்டது. மஜெஸ்கோ மமாவின் பெயரிலேயே பதில் அறிக்கை வெளியிட்டது. உண்மையில் அந்தப் பகடிக்காரர்கள் கைவைத்தது கேமின் பலவீனமான இடத்தில்தான். எல்லாம் சுத்தமாக, ரத்தம் இல்லாமல், தோல் இல்லாமல், முன்பே கழுவி வைத்தாற்போல வந்து சேரும் அந்தச் சமையலறையில் பொருளுக்கு ஊர் பேர் கிடையாது.

மமாவின் கதை கடைசியாகப் பெரிய செய்தியானது சமையலுக்காக அல்ல. 2020 மார்ச் இறுதியில், பாதி உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில், நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு ‘குக்கிங் மமா: குக்ஸ்டார்’ வந்தது. வந்த வேகத்தில் இணையக் கடையிலிருந்து காணாமல் போனது. கேம் ரகசியமாக கிரிப்டோ நாணயம் தோண்டுகிறது என்று வதந்தி பறந்தது. வெளியிட்ட பிளானட் என்டர்டெயின்மென்ட் மறுத்தது. அதே கம்பெனி அதற்கு முந்தைய ஆண்டில், கிரிப்டோ நாணயங்களுக்கு அடிப்படையான பிளாக்செயின் பற்றிப் பெருமையாக அறிக்கை விட்டிருந்ததுதான் வதந்திக்கு விறகு. ஏப்ரலில் ஆபீஸ் கிரியேட் தன் பக்கத்தைச் சொன்னது: தரம் போதாது, திருத்துங்கள் என்று சொல்லியிருந்தோம், எங்கள் ஒப்புதல் இல்லாமலேயே வெளியிட்டுவிட்டார்கள். விவகாரம் சர்வதேச நடுவர் மன்றம் வரை போய் 2022இல் ஆபீஸ் கிரியேட் பக்கம் தீர்ந்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்த ‘தரம் போதாது’ என்ற சொற்கள். 14 வருஷமாக ஒரே வெட்டை விற்ற வீட்டுக்கே போதாத தரம் என்றால் அது எப்படி இருந்திருக்கும்! ஆப்பிள் ஆர்கேட் மாதச் சந்தாவுக்குள் 2022இல் ‘குக்கிங் மமா: குசீன்’ வந்தது. குச்சி போய்விட்டது, விரல் வந்துவிட்டது. விரலால் வெங்காயம் நறுக்குவதில் ஒரு விநோதமும் மிஞ்சவில்லை, வங்கிக் கணக்கையே விரலால்தான் பார்க்கிறோம்.

இனி, சமையல் கேம் என்று இன்று போனில் தேடினால் கிடைப்பவை. லிதுவேனியாவின் வில்னியஸ் நகரத்து நார்ட்கரன்ட் நிறுவனம் 2014இல் விட்ட ‘குக்கிங் ஃபீவர்’ இவற்றில் மூத்தவற்றுள் ஒன்று. அதே ஆண்டு நம் பக்கத்து உடுப்பியிலிருந்தும் ஒன்று வந்தது: 99கேம்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார் செஃப்’. உடுப்பிக்காரர்கள் ஹோட்டல் வைக்காத ஊர் இல்லை. போன் மட்டும் ஏன் பாக்கி என்று நினைத்திருப்பார்கள் போல. இந்த வகை கேம்களில் வெட்டுவதே கிடையாது. பர்கரைத் தொடு, சட்டியைத் தொடு, வாடிக்கையாளரைத் தொடு. கை வேலை முழுக்கக் கழன்று, கல்லாப்பெட்டி வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. வாடிக்கையாளர் உண்டு, ஆனால் அவர் ருசி பார்ப்பதில்லை. தலைக்கு மேல் பொறுமை குறைந்துகொண்டே வரும், பணம் வைத்துவிட்டுப் போவார்.

சலிப்பு இவற்றில் குறையே அல்ல, சரக்கே அதுதான். கேம் இலவசம். ஆனால் அடுத்த அடுப்பு வேண்டுமா, காத்திரு. காத்திருக்க முடியாதா, ரத்தினக்கல் கொடு. ரத்தினக்கல் தீர்ந்ததா, நிஜக் காசு கொடு. 2006இல் காசு கொடுத்துச் சலிப்பை வாங்கினோம். இன்று சலிப்பு இலவசமாகக் கிடைக்கிறது, காசு கேட்பது அதிலிருந்து விடுவிக்கத்தான். இந்த ஒப்பீட்டில் மமா மகராசி. ஒரு தடவை விலை வாங்கினார், பிறகு பர்ஸ் பக்கமே திரும்பவில்லை.

வேறு திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். 2016இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து கோஸ்ட் டவுன் கேம்ஸ் என்ற இருவர் கம்பெனி ‘ஓவர்குக்டு’ கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது இரண்டை வாங்கியது. அதில் வெட்டுவதற்கு ஒரு பட்டன். அழுத்தினால் உங்கள் குட்டிச் சமையல்காரர் தானாகவே வெட்டுவார். அசைவுக் கணக்குப் பார்த்தால் மமாவைவிட ஏழ்மை. வெங்காய சூப்புக்கு மூன்று வெங்காயம் வெட்டு, பானையில் போடு, தட்டு எடு, ஊற்று, ஜன்னலில் வை. மறுபடி மூன்று வெங்காயம். மறுபடி. சலிப்பதற்கு எல்லா முகாந்திரமும் இருக்கிறது.

சலிப்பதில்லை. ஏனென்றால் அந்தச் சமையலறையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், பக்கத்து சோபாவில். ஒருவர் வெட்டிய வெங்காயத்தை இன்னொருவர் எடுத்துப் போக வேண்டும். ஓடும் இரண்டு லாரிகளில் சமையலறை பிளந்து கிடக்கும். லாரிகள் விலகினால் நீங்கள் அந்தப் பக்கம், தட்டு இந்தப் பக்கம். கப்பல் ஆடினால் மேசைகள் நகரும். யாரும் பார்க்காத சட்டி கருகித் தீப்பிடிக்கும், தீயணைப்பான் எங்கே என்று நான்கு பேரும் கத்துவார்கள். தட்டுக் கழுவ ஒருவரும் முன்வர மாட்டார்கள். உங்கள் வெங்காயம் இங்கே தொலைவதில்லை. உங்கள் தாமதம் அடுத்தவர் தலையில் விடிகிறது. ஒரு வேலையின் விளைவு அடுத்த வேலைக்குப் போய்ச் சேருகிறது என்ற அந்த ஒரே மாற்றம், ஒரே பட்டனை நூறு தடவை அழுத்த வைத்துவிடுகிறது. கல்யாண வீட்டுப் பின்கட்டில் நின்றவர்களுக்கு இந்தக் கூச்சல் புதிதல்ல.

ஆனால் ஓவர்குக்டிலும் சாப்பிடுகிறவர் கண்ணில் படுவதில்லை. தட்டு ஜன்னலைத் தாண்டியதும் மறைகிறது. பந்தியைக் கொண்டுவர இன்னும் ஏழு வருஷம் ஆனது. கொண்டுவந்தது டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ். கேமின் பெயர் ‘வெண்பா’.

2023 ஜூலை 31இல் வெளியானது. கதை 1988இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போய்க் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். கையில் இருப்பது வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் புத்தகம். பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கின்றன. இட்லியை எப்படி ஊற்றுவது, தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதற்கு அடுத்தது எது என்பதில் பாதியைப் புத்தகம் சொல்லும். மீதியை நீங்கள் ஊகிக்க வேண்டும். மதிப்பெண் கிடையாது, பதக்கம் கிடையாது, கடிகாரம் கிடையாது. தப்பினால் இன்னொரு தடவை செய்து பார்க்கலாம், யார் கண்ணிலும் நெருப்பு எரியாது.

அந்த இட்லித் தட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு தட்டின் மேல் இன்னொன்றை வைக்கும்போது குழிக்கு நேராகக் குழி வந்துவிடக் கூடாது, ஆவி ஏற வழி வேண்டும் என்பது நம் வீடுகளில் யாரும் பாடமாகச் சொல்லித் தராத சங்கதி. பார்த்துப் பார்த்துக் கை தானாகத் திருப்பி வைக்கும். அதை ஒரு புதிராக எடுத்து, இட்லிப் பானையையே பார்த்திராத ஒரு பின்லாந்துக்காரரோ பிரேசில்காரரோ தலையைச் சொறிந்துகொண்டு தட்டைத் திருப்பும்படி செய்திருக்கிறார்கள். மமாவின் சமையலறையில் எந்த ஊர்ப் பதார்த்தமானாலும் ஒரே கத்திக்கு வந்து சேர்ந்தது. இங்கே ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அதன் பாத்திரம்தான் புதிர். இட்லியின் புதிரைத் தீர்த்துவிட்டோம் என்று அதே யுக்தியோடு புட்டுக்குப் போனால் வேலைக்காகாது.

ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் சமைக்கிறோம். கவின் வளர்கிறான், தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது, அம்மா கட்டிக் கொடுக்கும் டப்பாவை எல்லார் முன்னாலும் திறக்கத் தயங்குகிற வயது வருகிறது. அடுத்த பதார்த்தம் வரும்போது அதைச் சாப்பிடப் போகிறவன் மாறியிருக்கிறான். ரேடியோவில் ஓடும் பாட்டுகூட அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் மாறிக்கொண்டே போகிறது. பின்னால் ஓர் இடத்தில், வளர்ந்த கவினே அந்தப் புத்தகத்தைத் திறந்து சமைக்க வேண்டியிருக்கிறது. அவனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அம்மாவுக்கு அழிந்த எழுத்து எப்படிப் புதிரோ, மகனுக்கு அழியாத எழுத்தே அப்படிப் புதிர். கிழிந்த பக்கத்தை ஊகித்த கையும் படிக்கத் தெரியாத பக்கத்தை ஊகிக்கும் கையும் ஒரே புத்தகத்தில் சந்திக்கிற அந்த இடத்தைச் சமையல் கேமுக்குள் வைக்கலாம் என்று 2006இல் யாராவது சொல்லியிருந்தால் மமாவே சிரித்திருப்பார்.

2024 மார்ச்சில் இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் மிகப்பெரிய பரிசான ஷேமஸ் மெக்நேலி பரிசு வெண்பாவுக்குப் போனது. ஏப்ரலில் முதல் படைப்புக்கான பாஃப்டாவும் கிடைத்தது.

குறை இல்லையா? இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இன்னும் நான்கு பதார்த்தம் இருந்தால் என்ன, இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டார்களே என்று முனகியவர்கள் உண்டு. எனக்கு அந்த முனகலில் உடன்பாடில்லை. இழுத்திருந்தால் இங்கேயும் மூன்றாவது இட்லியில் வெறும் தட்டு அடுக்கும் வேலை மிஞ்சியிருக்கும். என் குறை வேறு. வெண்பாவில் கை வேலை மெலிந்துவிட்டது. எடுத்து வைப்பதும் ஊற்றுவதும் கிண்டுவதும் இருக்கின்றன. ஆனால் குச்சியால் முட்டையைத் தட்டும்போது விரல் நுனியில் வரும் அந்தச் சின்ன பயம், கொஞ்சம் அழுத்தினால் ஓடு உள்ளே விழுந்துவிடுமோ என்கிற பயம், இங்கே இல்லை. சொல்லப்போனால் மமாவுக்குக் கை இருந்தது, வாய் இல்லை. வெண்பாவுக்கு வாய் இருக்கிறது, கை பாதி. இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றிய கேமை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு எதை வாங்கித் தரலாம் என்று கேட்கிறார்கள். டிஎஸ் உற்பத்தி நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அதற்கு அடுத்து வந்த 3டிஎஸ் கருவியின் இணையக் கடையிலும் 2023 மார்ச்சோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பழைய மமா வேண்டுமானால் செகண்ட் ஹேண்டில் கார்ட்ரிட்ஜ் தேட வேண்டும். எட்டு வயதுக்குள் என்றால் தேடலாம், தப்பில்லை. அந்த வயதில் ஒரே கதையைத் தினமும் கேட்கிற பிள்ளைக்கு ஒரே வெட்டு ஒரு பொருட்டல்ல, ஒரு மாதம் தாராளமாக ஓடும். அண்ணன் தங்கை என்று இரண்டு பேர் இருந்தால் ஓவர்குக்டு, ஆனால் பரீட்சை நேரத்தில் வேண்டாம். வெண்பாவைப் பிள்ளைகளுக்கு என்று தனியாக வாங்க வேண்டியதில்லை. ஸ்விட்ச் வைத்திருக்கிற கல்லூரிப் பையன் வீட்டில் இருந்தால், அவன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். இட்லித் தட்டு அடுக்கும் இடத்தில் அவன் முழிக்க, அந்த அம்மா “டேய், திருப்பி வைடா” என்று அதட்டுவது நிச்சயம்.